சூட்டுப் பால்

காலை ஆறு மணிக்கு என்று ஓட்டப்போட்டி நோட்டீசில் அச்சடித்திருந்தார்கள். அந்த ரோஸ் நிறத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 'சரியாக 6 மணிக்கு' என்று இருக்கிறது. 'சரியாக' என்பதற்குக் கீழே ஒரு கோடு வேறு. அன்று பெண்களை ஓட விட்டது பத்தே காலுக்கு. மே மாதம், பெரியகுளத்தில், பத்தே காலுக்கு.

இதை எழுதும்போதே பேனா தாளை அழுத்துகிறது. இத்தனை வருடம் கழித்தும் கோபம் போகவில்லை. யார் மேல் கோபம் என்பதைத்தான் மாற்றி மாற்றி யோசித்திருக்கிறேன். விழா நடத்தியவர்கள் மேலா, மாமியார் மேலா, வாயைத் திறக்காத கணவர் மேலா, எல்லாவற்றுக்கும் தலையாட்டிய என் மேலா.

கல்யாணத்துக்கு முன்பு நான் ஓடுவேன். பள்ளியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், கல்லூரியில் மூவாயிரம். தாவரவியல் பட்டம் வாங்கினேன். பெரியகுளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஆடி மாதம் மகள் பிறந்தாள். அவளுக்கு நான்கு மாதம் ஆனபோது, உடற்கல்வி ஆசிரியர் படிப்பில் சேர வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். எதற்கும் உடனே மறுப்புச் சொல்லமாட்டார், உடனே சரி என்றும் சொல்லமாட்டார். ஒரு வாரம் கழித்து அவரே கல்லூரியில் விசாரித்துவிட்டு வந்தார்.

"மாவட்ட அளவுல ஒரு சர்ட்டிபிகேட்டாச்சும் வேணுங்கிறாக. உங்கிட்ட இருக்கிறது பூராம் பள்ளிக்கூடம், காலேஜுக்குள்ள ஓடுனது. அது செல்லாதாம்."

மே மாதம் நம் ஊரில் கோடை ஓட்டம் நடக்கும். பெண்களுக்கு எட்டு கிலோமீட்டர். முதல் பத்துப் பேருக்கு மாவட்ட அளவிலான சான்றிதழ். ஜூனில் படிப்புக்கு விண்ணப்பம். கணக்கு எளிமையாக இருந்தது. பத்துப் பேருக்குள் வந்தால் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை.

கிளை நூலகத்தில் நெடுந்தூர ஓட்டம் பற்றி ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் அதை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. அட்டையில் ஒட்டிய தேதித்தாள் வெறுமையாக இருந்தது. வேகமாக ஓடிப் பழகாதே, முதலில் அடித்தளம் போடு என்று அந்தப் புத்தகம் சொன்னது. மூன்று நான்கு மாதம் மெதுவாக, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி ஓட வேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். அதைத் தாண்டினால் தவறு.

தை பிறந்ததும் ஆரம்பித்தேன். விடியுமுன் எழுந்து குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோட்டக்கலைக் கல்லூரிப் பக்கம் போகும் சாலையில் ஓடுவேன். என் கணவர் சைக்கிளில் கூடவே வருவார். நாய்களுக்காகக் கையில் ஒரு குச்சி. நான் பேச முடிகிற வேகத்தில்தான் ஓடுகிறேனா என்று சோதிப்பது அவர் வேலை.

"இன்னைக்கு என்ன குழம்பு?"

"புளிக்குழம்பு."

"முழுசாச் சொல்லணும்."

"கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு புளிக்குழம்பு, தொட்டுக்கிற அப்பளம், உங்கம்மாவுக்குத் தனியா ரசம்."

"சரி, மூச்சு வாங்கல. கொஞ்சம் வெரசா ஓடலாம்."

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு பேசியது அந்தச் சாலையில்தான். வீட்டில் இரண்டே அறை. எங்கே உட்கார்ந்து பேச? மாசியில் நான்கு கிலோமீட்டர் ஓடினேன். பங்குனியில் ஏழு, சித்திரை முதல் வாரத்தில் பத்து. பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்து கிடந்த வயிறு இறுகியது. கெண்டைக்கால் பழையபடி கல்லாக ஆனது. குறித்து வைத்த நோட்டைத் திருப்பிப் பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் அந்தப் புத்தகத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. கோடையில் போட்டி என்றால் கடைசி இரண்டு வாரமாவது வெயிலில் ஓடி உடம்பைப் பழக்க வேண்டும், குளிரில் மட்டும் ஓடிப் பழகியவர் வெயிலில் நிற்கமாட்டார் என்று எழுதியிருந்தது. நூலகப் புத்தகம் என்றும் பார்க்காமல் பென்சிலால் கோடு போட்டேன். கோடு போட்டதோடு சரி. ஒரு நாள் கூட வெயிலில் ஓடவில்லை. பொழுது கிளம்பி வெளிச்சம் சுவரில் விழுவதற்குள் வீட்டுக்குள் இருப்பேன். காரணம் பால்.

வெயிலில் போய்விட்டு வந்தவள் குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூடாது. அது சூட்டுப் பால். தெரியாத்தனமாக வெயிலில் போக நேர்ந்துவிட்டால், வந்து நிழலில் உட்கார்ந்து, உடம்பு ஆறி, குளித்து, முதல் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுத்தான் பிள்ளையை மடியில் போட வேண்டும். என் அம்மா வீட்டிலும் இது உண்டு. ஆனால் அங்கே பேச்சோடு போய்விடும். என் மாமியாரிடம் இது பேச்சு இல்லை.

நான் ஓடப்போகிறேன் என்றதும் அத்தை ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன உடை, ஊர் என்ன சொல்லும், எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஓடு ஆத்தா. பொழுது மூஞ்சில படாம ஓடு. வெயிலத் தூக்கிக்கிட்டு வந்து பிள்ளகிட்டப் போகாத."

"அதெல்லாம் ஒண்ணும் செய்யாது அத்தை. பால் எப்படிச் சூடாகும்? உடம்புச் சூடு எப்பவும் ஒண்ணுதான்."

"நீ படிச்சவ. நான் பிள்ளயத் தூக்கிப் போட்டவ."

என் கணவருக்கு முன்னால் அத்தைக்கு ஓர் ஆண் பிள்ளை இருந்திருக்கிறது. எட்டு மாதம். கோடையில் கடலைக்காட்டில் வேலை செய்துவிட்டு, உச்சிப் பொழுதில் ஓடிவந்து பால் கொடுத்தாராம். சாயங்காலம் வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாள் பிள்ளை இல்லை. சூட்டுப் பாலைக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றார். முப்பது வருடமாக அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பவரிடம் நான் என்ன அறிவியல் பேசுவது?

இப்படிச் சொல்லித்தான் எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மை அது மட்டுமில்லை. எனக்கும் பயம். பட்டம் வாங்கியவள்தான். ஆனாலும் என் குழந்தைக்கு ஒரு தடவை வயிறு சரியில்லாமல் போனால், எது காரணம் என்று என்னையே கேட்டுக்கொண்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும். போட்டி ஆறு மணிக்குத்தானே, ஏழுக்குள் முடிந்துவிடும், வெயிலுக்கும் நமக்கும் என்ன என்று நினைத்தேன். நோட்டீஸை நம்பினேன்.

போட்டி அன்று விடியுமுன் பால் கொடுத்துவிட்டு, ஐந்தரைக்கே பள்ளி மைதானத்துக்குப் போய்விட்டோம். என் சட்டையில் எண் எழுதிய துணியைக் குத்தினார்கள். பெண்கள் நாற்பது பேருக்கு மேல். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஜெயமங்கலம், தேவதானப்பட்டி என்று சுற்று ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். பிள்ளை பெற்றவள் நான் ஒருத்திதான்.

ஆறு மணி ஆனது. ஆறரை ஆனது. கொடியசைத்துத் தொடங்கி வைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. மைதானத்தின் ஒரு பக்கம் பந்தல் போட்டு, அதில் முப்பது நாற்காலி. முன்வரிசையில் பெரிய நாற்காலி ஒன்றில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. எங்களை மைதானத்தின் நடுவில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவர் வரும்போது வரிசை அழகாக இருக்க வேண்டுமாம்.

ஏழரைக்கு மலைக்கு மேலிருந்து வெயில் மைதானத்தில் முழுதாக இறங்கிவிட்டது. சட்டையில் பேட்ஜ் குத்திய விழாக்காரர் ஒருவர் கையில் செல்போனோடு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். நான் வரிசையை விட்டுப் போய்க் கேட்டேன்.

"எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

"இந்தா, தேனியத் தாண்டிட்டாகளாம். வந்துருவாக."

எட்டு மணிக்குக் கேட்டபோதும் தேனியைத் தாண்டிவிட்டார். எட்டரைக்குக் கேட்டபோது, தேனியில் இன்னொரு விழாவில் இருக்கிறாராம்.

"அப்ப எதுக்குத் தாண்டிட்டாகன்னு சொன்னீக?" என்று ஒரு பள்ளிப் பிள்ளை கேட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏ பிள்ள, போய் வரிசையில நில்லு. பெரிய மனுசக வாரதுன்னா நாலு எடத்துல நின்னுதான் வருவாக."

"நாங்களும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கோம்," என்றாள் அவள். எல்லாரும் சிரித்தோம். அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பந்தல் காலியாகக் கிடந்தது. நிழலில் போய் நிற்கிறோம் என்றோம். அது விருந்தினர்களுக்கு, அழுக்காகிவிடும் என்றார்கள். தண்ணீர் கேட்டோம். ஓடுவதற்கு முன்பு தண்ணீர் குடித்தால் வயிற்றைப் பிடிக்கும், ஓடி முடித்த பிறகுதான் என்றார்கள். ஐஸ் பெட்டியில் தண்ணீர் பாக்கெட்டுகள் எங்கள் கண் முன்னால் இருந்தன. என் கணவர் வெளியே கடையில் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். ஆறு பிள்ளைகளும் நானும் குடித்தோம். ஆளுக்கு இரண்டு வாய்.

எட்டரை மணிவாக்கில் அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார். நான் ஓடி முடித்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார். குழந்தை அழுதுகொண்டிருந்தது. பசும்பால் புட்டியைக் கையால் தட்டிவிட்டதாம். அதன் அழுகை காதில் விழுந்ததும் எனக்குப் பால் சுரந்துவிட்டது. நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. மார்பு கட்டிக்கொண்டு, தொட்டால் வலித்தது. கையை நீட்டினேன்.

அத்தை பின்னால் நகர்ந்தார்.

"வெயில்ல நின்னுட்ட. இப்பக் குடுக்காத."

"பசிக்குது அத்தை அதுக்கு."

"பசிச்சா அழும். செத்தா போயிரும்? ஓடிட்டு வா. வந்து குளிச்சிட்டுக் குடு."

'செத்தா போயிரும்' என்று தன் வாயாலேயே சொன்னதும் அத்தையின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அம்மா சொல்றதக் கேளு. இன்னும் செத்த நேரம்தான," என்றார்.

கேட்டேன். நான்தான் கேட்டேன். எத்தனையோ தடவை அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றிருக்கிறேன். பத்து நிமிடம் மைதான மூலையில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம். நேரம் இருந்தது. அதற்குப் பிறகும் ஒன்றே முக்கால் மணி நேரம் சும்மாதான் நின்றோம். பீய்ச்சி விட்டுவிடலாம் என்று பள்ளிக் கழிப்பறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுகை எனக்குக் கேட்காத தூரத்துக்குப் போனார். அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

விருந்தினர் ஒன்பதரைக்கு வந்தார். மாலைகள், பேச்சு. வெள்ளைத் துண்டு விரித்த நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். இளைய தலைமுறை நேரத்தின் அருமையை உணர வேண்டும் என்று மைக்கில் சொன்னார். நான் இட்டுக்கட்டவில்லை. முதலில் ஆண்களை ஓட விட்டார்கள். பிறகு பெண்கள்.

ஜெயமங்கலம் போகும் சாலையில் நான்கு கிலோமீட்டர் போய்த் திரும்பி அதே மைதானத்துக்கு வர வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாய்ச்சலாய்ப் போனார்கள். நான் என் வேகத்தில் போனேன். கடைசியிலிருந்து ஐந்தாவதோ ஆறாவதோ இருந்தேன். எனக்குக் கவலையில்லை. நான்கு மாதம் போட்ட அடித்தளம் காலுக்குள் இருந்தது. முதல் இரண்டு கிலோமீட்டரில் அது என்னைக் கைவிடவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஒவ்வொருவராய் நடக்க ஆரம்பித்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவர்களைத் தாண்டினேன். பூண்டு மூட்டை ஏற்றிய லாரியிலிருந்து யாரோ, "ஏ அக்கா வாராகடா, வழி விடுங்கடா," என்று கத்தினார்கள். திரும்பும் இடத்தில் நின்றவர் என் எண்ணைக் குறித்துக்கொண்டு, "ஏழாவது" என்றார்.

ஏழாவது. அந்தச் சொல்லோடு திரும்பினேன். திரும்பியதும் வெயில் பிடரியில் இறங்கியது.

மார்பு ஒவ்வோர் அடிக்கும் வலித்தது. சட்டையின் முன்பக்கம் வியர்வையிலும் பாலிலும் நனைந்து ஒட்டிக்கொண்டது. துப்பட்டாவை அவிழ்த்துக் குறுக்கே இறுக்கிக் கட்டினேன். கட்டியதும் மூச்சு முட்டியது. ஓடும் வழியில் தண்ணீர் கிடையாது. ஆறாவது கிலோமீட்டரில் வியர்வை நின்றுவிட்டது. அந்த வெயிலில் கை முழுக்கப் புல்லரித்தது. குளிர்வது போல இருந்தது. அது நல்லதில்லை என்று புத்தகம் சொன்னது ஞாபகம் வந்தது. கால்களில் வலுவிருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. கால் ஓட வேண்டும் என்றது, உடம்பு முடியாது என்றது. நான் பென்சிலால் கோடு போட்டுவிட்டுச் செய்யாமல் விட்ட பக்கம் என் மேல் வந்து விழுந்தது.

பாலத்துக்கு வரும்போது தார் உருகியிருந்தது. செருப்பில்லாமல் ஓடிய பிள்ளைகள் மண் ஓரமாகத் துள்ளித் துள்ளி ஓடினார்கள். என்னை ஒருத்தி தாண்டினாள். பிறகு இன்னொருத்தி. நடந்தேன். நாற்பது ஐம்பது அடி நடந்து, மறுபடி ஓடி, மறுபடி நடந்தேன். மைதானத்து வாசலில் இன்னும் இருவர் தாண்டினார்கள். அதில் ஒருத்தி, நாங்களும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம் என்று சொன்ன பிள்ளை. கோட்டைத் தொட்டபோது பேட்ஜ் குத்தியவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு," என்றார். "பத்தோட முடிஞ்சது. சோடா குடிச்சிட்டுப் போங்கம்மா."

பத்தாவதாக வந்தவள் எனக்குக் கையெட்டும் தூரத்தில் குப்புறப் படுத்திருந்தாள்.

ஒரு தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன், இன்னொன்றைக் குடித்தேன். குழந்தை எங்கே என்று பார்த்தேன். வேப்ப மரத்தடியில் அத்தை. அழுது ஓய்ந்து, விம்மல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது என் மகள். போய்க் குழந்தையை அத்தையின் கையிலிருந்து எடுத்தேன். கேட்கவில்லை, எடுத்தேன்.

"ஆத்தா, வேணாம். உடம்பு கொதிக்குது உனக்கு. நான் சொல்றதக் கேளு."

"காலையில கேட்டேன்ல அத்தை. போதும்."

உட்கார இடம் தேடினேன். விருந்தினர் போய்விட்டார். பந்தலில் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நேராகப் போய், முன்வரிசைப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தேன். விரித்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டு மறைத்துக்கொண்டு பால் கொடுத்தேன். குழந்தை கடித்துக்கொண்டு குடித்தது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது.

பேட்ஜ் குத்தியவர் ஓடி வந்தார். "யம்மா, யம்மா, அது சீப் கெஸ்ட்டு சேரு."

"அவுக வர்றதுக்கு நாலு மணி நேரம் ஆச்சு. நான் எந்திரிக்க இருபது நிமிசம் ஆகும். நில்லுங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் அன்று முதல் தடவையாகத் தரையைப் பார்க்கவில்லை.

"பிள்ள குடிக்குதுல்ல. செத்த அங்கிட்டுப் போங்க," என்றார்.

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை எட்டரைக்குச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த மூன்று நாள் வீட்டில் யாரும் சான்றிதழைப் பற்றிப் பேசவில்லை. அத்தையும் நானும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனதும் நான் போய்த் தொடுவேன். வயிறு இரண்டு தடவை போனால் மூன்றாவது போகுமா என்று காத்திருப்பேன். ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தொட்டேன். வேகத்தில் கொடுத்துவிட்டோமே, கோபத்தில் கொடுத்த பால் ஆயிற்றே என்று புதிதாக ஒரு பயத்தை நானே கண்டுபிடித்தேன். குழந்தை சாப்பிட்டது, விளையாடியது, மாம்பழச் சாற்றை முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

நான்காம் நாள் காலையில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணும் செய்யல."

"ஆமா அத்தை."

"கொதிக்கக் கொதிக்கக் குடுத்த. ஒண்ணும் செய்யல."

அத்தை குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

"அப்ப எம்பிள்ள எதுனால போச்சு?"

கோடையில் கிணற்றுத் தண்ணீர், காட்டு வேலை, எட்டு மாதப் பிள்ளை என்று ஏதேதோ சொல்லியிருக்கலாம். பட்டம் வாங்கியவள் அதையெல்லாம் சொல்ல முடியும். ஈரக் கையோடு எழுந்து நின்றேன். "உங்க பால்னால இல்ல அத்தை," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அத்தை அன்று பகலெல்லாம் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் என் கோபம் எங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஓரளவு தெரிந்தது. முப்பது வருடத்துக்கு முன்பு, பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியிடம் உன் பால்தான் காரணம் என்று சொன்னார்களே, அந்த எல்லார் மேலும். கையை நீட்டிய என்னிடமிருந்து அத்தை பின்னால் நகர்ந்தது அவர்கள் சொன்ன சொல்லால். நான் பதினொன்றாவதாக வந்ததற்கும் அதில் பங்கிருக்கிறது. ஆனால் யாரென்று தெரியாதவர்கள் மேல் எவ்வளவு நாள்தான் கோபப்படுவது? சுற்றிச் சுற்றி நோட்டீஸ்காரர்களிடமும் என்னிடமும்தான் அது திரும்பி வரும்.

அந்த வருடம் விண்ணப்பம் போடவில்லை. தை பிறந்ததும் மறுபடி ஆரம்பித்தேன். அதே சாலை, அதே சைக்கிள், அதே குழம்புக் கேள்வி. ஆனால் சித்திரை பாதியில் நேரத்தை மாற்றினேன். பத்து மணிக்குக் கிளம்பினேன். முதல் நாள் இரண்டு கிலோமீட்டரில் தலை சுற்றியது. ஒரு வாரத்தில் நான்கு ஓடினேன். பதினைந்தாவது நாள் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, வாசலில் நின்று ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு இரண்டு வயது நெருங்கியும் பாலை விடவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து கொடுத்தேன்.

பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் அத்தையிடம் கேட்டார்.

"என்னக்கா, ஒங்க மருமக உச்சி வெயில்ல ஓடிட்டு வந்து சூட்டுப் பாலக் குடுக்குறா, நீங்க பாத்துக்கிட்டு இருக்கீக?"

"ஒன் வீட்டுல மாடு வெயில்ல மேஞ்சிட்டு வருதே, அத ஐஸ் பெட்டியில வச்சா கறக்குற? போடி," என்றார் அத்தை.

போட்டி நாள் வந்தது. ஆறு மணிக்கு மைதானத்தில் நின்றேன். பையில் தண்ணீர், தொப்பி, நான்கு மணி நேரம் காத்திருக்கப் பொறுமை, பழகிய உடம்பு எல்லாம் தயார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. விருந்தினர் தாமதமாக வரட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். மற்ற எல்லாரும் சுருண்டு விழும் நேரத்தில் நான் ஓடிக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த வருடம் வேறு ஒருவர் விருந்தினர். ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டார். பேச்சும் இல்லை. ஆறு மணிக்குப் பெண்களை முதலில் ஓட விட்டார்கள். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர். மலையிலிருந்து இறங்கிய காற்று முகத்தில் அடித்தது. எட்டு கிலோமீட்டரும் ஓடி முடிக்கும்வரை வெயிலே ஏறவில்லை. மூன்றாவதாக வந்தேன். சான்றிதழ் கையில் வந்தது. அந்த ஜூனில் படிப்பில் சேர்ந்தேன்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இவ்வளவு எளிதாக நடத்தக்கூடிய ஒன்றையா போன வருடம் அப்படி நடத்தினார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஒருவர் நேரத்துக்கு வந்தால் போதுமாக இருந்திருக்கிறது. என்னுடைய ஒரு வருடம் அதில் போயிருக்கிறது.

அதே பேட்ஜ்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "போன வருசம் அந்தச் சேர்ல ஒக்காந்த அம்மாதான நீங்க?"

"ஆமா. இன்னைக்கு அதுல யாரு ஒக்காந்திருக்காகன்னு பாருங்க," என்றேன்.

விருந்தினர் சான்றிதழ் கொடுக்க எழுந்து வந்திருந்தார். அந்த நாற்காலியில், மடியில் என் மகளை வைத்துக்கொண்டு, அத்தை உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அத்தை என்னைப் பார்த்ததும், வா என்பது போலக் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். மணி ஏழு கூட ஆகவில்லை.